ஆறு ரெஜிஸ்டர்களும் ஒரு போர்மாவும்

2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்த அன்று நான் செய்த முதல் காரியம், கருங்கலுக்குப் போய் ஆறு ரெஜிஸ்டர்கள் வாங்கி வந்ததுதான். தடித்த அட்டை, சிவப்புத் துணி ஒட்டிய முதுகு. ஒவ்வொன்றிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கடைசிக் கட்டத்தின் தலையில் ‘மேலாளர் கையொப்பம்’ என்று எழுதினேன். ஆறிலும் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிக் கட்டம்தான்.

நான் வேலை செய்வது ஒரு முந்திரி ஆலையில். கன்னியாகுமரி மாவட்டத்தில், எங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஆபீஸ் என்றால் மேஜையும் மின்விசிறியும் நினைவுக்கு வரும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஆபீஸ் என்றால் வறுப்புப் புகையும், கையில் பூசிக்கொள்ளும் சாம்பலும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கொட்டை எண்ணெயின் கறையும்தான். என் அம்மாவின் விரல்கள் அப்படித்தான் இருந்தன. அவர் என்னை பி.காம் படிக்க வைத்ததே நான் அண்டி ஆபீசுக்குப் போகக்கூடாது என்பதற்காக. நான் நேராக அங்கேதான் போனேன், 2009இல், கணக்கு எழுத.

மூன்று வருடத்தில் பழைய மேனேஜர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, நாளை முதல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். என் கணக்கு ஒருநாளும் தவறியதில்லை. கணக்கு சரியாக வைத்திருப்பவளிடம் ஆட்களைக் கொடுத்தால் அவர்களும் வரிசையாக நிற்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். நூற்றறுபது பெண்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஆறு ரெஜிஸ்டர்கள்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐவரி கோஸ்ட், கினி பிசாவ் போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, லாரியில் எங்களிடம் வரும். வறுத்து, உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை எடுத்து, போர்மா என்ற சூட்டு அறையில் உலர்த்துவோம். பிறகு மேல் தோலை உரித்து, தரம் பிரித்து, டின்னில் அடைப்போம். டபிள்யூ 320 என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை முழுப் பருப்பு நிற்கும் என்பது அதன் பொருள். 180 என்றால் இன்னும் பெரியது, விலையும் அதிகம். முழுசாக இருந்தால்தான் இந்த எண்ணெல்லாம். இரண்டாகப் பிளந்தால் விலை விழும், துண்டானால் இன்னும் விழும். ஒரு 80 கிலோ மூட்டையிலிருந்து எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கிறது, அதில் முழுசு எவ்வளவு என்பதில்தான் முதலாளியின் முகம் மலர்வதும் வாடுவதும்.

அந்த ஜூலையில் முதலாளியின் முகம் வாடியது. முழுப் பருப்பு நூறு கிலோவுக்கு ஐந்தாறு கிலோ குறைந்துகொண்டே வந்தது. என் ரெஜிஸ்டரில் அது தெளிவாகத் தெரிந்தது. உடைசல் எங்கே கூடுகிறது? தோலுரிப்பில். தோலுரிப்பில் எந்த வரிசையில்? மூன்றாவது வரிசையில். அந்த வரிசையில் யாருக்கு அதிகம்? விரலை வைத்துப் பார்த்தேன், பெயர் கிடைத்துவிட்டது.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என் அம்மாவோடு ஒரே பலகையில் உட்கார்ந்து வேலை செய்தவர். கணக்கு எழுதிய மூன்று வருடமும் நான் அக்கா என்றுதான் அவரை அழைத்திருக்கிறேன். அன்று தோலுரிப்புக் கூடத்தின் நடுவில் நின்று, எல்லோரும் கேட்கும்படி, பெயரைச் சொல்லி அழைத்தேன். கையைக் காட்டச் சொன்னேன். நகம் வெட்டாமல் வந்து பருப்பைக் கீறி உடைத்தால் ஆபீஸ் எப்படி நடக்கும் என்று கேட்டேன். அவர் கையை நீட்டினார். நகம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. நூறு பேர் முன்னால் தொடங்கிவிட்ட பேச்சு, அதை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

அடுத்த வாரமும் உடைசல் குறையவில்லை. கூடத்தில் பேச்சு மட்டும் நின்றது.

நாகர்கோவிலில் மூன்று நாள் மேலாண்மைப் பயிற்சி என்று கேள்விப்பட்டு, முதலாளியிடம் கெஞ்சி அனுமதி வாங்கிப் போனேன். முதல் நாள் முழுக்க வீண். தலைமைப் பண்பு, நேர்மறைச் சிந்தனை, குடும்பம் போன்ற நிறுவனம். குடும்பம் என்ற பேச்சை நான் இன்றும் நம்புவதில்லை. எந்தக் குடும்பத்திலும் கிலோ கணக்கில் கூலி கொடுப்பதில்லை. பேச வந்த மூன்று பேரும் தனித்தனியாக ஒரே குறளைச் சொன்னார்கள், 517ஆம் குறள். இந்த வேலையை இந்த வழியில் இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து அவனிடம் விட்டுவிடு என்கிற அந்தக் குறளைச் சொல்லாத மேலாண்மை வகுப்பு தமிழ்நாட்டில் இருக்க முடியாது.

இரண்டாம் நாள் வந்தவர் பேச்சாளர் இல்லை. ஏதோ வார்ப்பட ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ பயன்படுத்திய முறை என்று சொல்லி ஓர் இயந்திரத்தின் கதையைச் சொன்னார். இயந்திரம் நின்றது, ஏன்? சுமை தாங்காமல் ஃபியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லை, இரும்புத் தூள் உள்ளே போனது. முதல் கேள்வியோடு நின்றால் ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டுப் போவோம், மறுபடியும் நிற்கும் என்றார். பிறகு ஒன்று சொன்னார்: “ஐந்து முறை ஏன் கேட்டும் ஓர் ஆளின் பெயரில் போய் நின்றீர்கள் என்றால், நீங்கள் சரியாகக் கேட்கவில்லை.” எனக்கு மூன்றாவது வரிசை நினைவுக்கு வந்தது.

பயிற்சி முடிந்த மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் ஆன பிறகு அந்த நேரத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் முறை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. போர்மா அண்ணன் அப்போதுதான் தட்டுகளை இறக்கி முடித்திருந்தார். எழுபது டிகிரிச் சூட்டில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் இருந்த பருப்பு. அவர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உருட்டினார். சருகு உதிர்வதுபோல் தோல் கழன்றது. உள்ளே வெள்ளைப் பருப்பு, ஒரு கீறல் இல்லை. ஊதினார். தோல் பறந்தது. என் கையில் ஒன்றைக் கொடுத்தார். எனக்கும் அப்படியே வந்தது. நகமே தேவைப்படவில்லை.

இவ்வளவு நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எங்கே கெடுகிறது என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டுகளைத் திண்ணையில் அடுக்கினார். ஏன் இங்கே வைக்கிறீர்கள், நேராக உரிப்புக் கூடத்துக்குக் கொண்டுபோகலாமே என்றேன். எடை போட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும் என்றார். ஏன் எடை போடவில்லை? எடை போட்டால் ரெஜிஸ்டரில் கையெழுத்து வேண்டும். யார் கையெழுத்து?

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “நீங்கள் ஒன்பது மணிக்கு வருவீர்கள் அல்லவா?”

இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. தென்மேற்கு முடிந்து மூச்சுவிடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடும். போர்மாவில் பருப்பின் ஈரம் நூற்றுக்கு மூன்று, நான்கு என்று இறங்கியிருக்கும். காய்ந்த மண் தண்ணீரை இழுப்பதுபோல அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஐந்தரை முதல் ஒன்பது வரை, மழைக்காற்று அடிக்கும் திண்ணையில், என் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்து, கழன்ற தோல் மறுபடியும் பருப்போடு ஒட்டிக்கொள்கிறது. உரிப்புக்குப் போகும்போது கத்தி வைத்துச் சுரண்டினால்தான் வரும். சுரண்டினால் உடையும். பழைய மேனேஜர் காலத்தில் இந்தக் கையெழுத்தே கிடையாது. ஐந்தாவது ‘ஏன்’ என் ஸ்கேல் போட்ட கோட்டில் வந்து நின்றது.

அன்று மாலை அந்த அக்காவை என் அறைக்கு வரச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டார். எழுந்து கதவு வரை போய்த் திரும்பிச் சொன்னார்: “மக்களே, திட்டியது நூறு பேர் முன்னால். இது மட்டும் அறைக்குள்ளா?”

மறுநாள் காலை கூடத்தில் போய் நின்றேன். உடைசலுக்குக் காரணம் மூன்றாவது வரிசை இல்லை, நான் கொண்டுவந்த ஒரு விதி, அதை இன்று எடுத்துவிட்டேன், அக்காவைத் திட்டியது தவறு என்று சொன்னேன். அக்கா என்ற சொல்லைச் சொல்லும்போதுதான் குரல் சற்று நடுங்கியது. யாரும் கைதட்டவில்லை, கண்ணீர் விடவில்லை. ஒருத்தி தும்மினாள். வேலை தொடர்ந்தது.

ஆனால் அன்று மதியம் சாப்பிடும் நேரத்தில், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மணக்கிற அந்தத் தாழ்வாரத்தில், அவர் எனக்கும் இடம் ஒதுக்கினார். அங்கேதான் ‘ஆபீஸ் கிலோ’ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். வீட்டுக் கிலோவுக்கு ஆயிரம் கிராம், ஆபீஸ் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல் என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று வருடம் அந்த எடைக்கணக்கை எழுதியவள் நான்தான்.

எடை இயந்திரத்தின் எண் தெரியும் பக்கம் கிளார்க்கை நோக்கி இருந்தது. உரித்த பருப்பைக் கொண்டுவருபவளுக்கு இயந்திரத்தின் முதுகுதான் தெரியும். மேஜையைத் திருப்பிப் போட்டு, இருவருக்கும் தெரியும்படி வைத்தேன். ஒரு பைசா செலவில்லை. இரண்டாம் நாளே ஒரு சின்னப் பெண், காலி டப்பாவை வைத்துப் பாருங்கள் என்றாள். வைத்தோம். டப்பாவுக்கென்று நாங்கள் கழித்துக்கொண்டிருந்தது பழைய அலுமினியத் தட்டின் எடை. அலுமினியம் போய் பிளாஸ்டிக் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு எடைக்கும் நூற்றைம்பது கிராமுக்கு மேல் அவர்கள் கூலியில் போய்க்கொண்டிருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் பார்க்கவுமில்லை. முதலாளியிடம் போனேன். அன்றிலிருந்து திருத்த ஒப்புக்கொண்டார். பழைய பாக்கிக்கு ஓணத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார். முழுவதும் கொடுக்கவில்லை. நான் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும்; மேனேஜர் ஆகி மூன்று மாதம்தானே என்று பயந்தேன்.

தாழ்வாரச் சாப்பாட்டைப் பற்றி ஒன்று. அதற்குப் பிறகு தினமும் அங்கே போய் உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் பேச்சு மறுபடியும் வற்றிவிட்டது. மேனேஜர் நடுவில் உட்கார்ந்திருந்தால் மாமியாரைப் பற்றிக்கூட யாரும் பேச மாட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் என்று குறைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் செய்தி கிடைத்தது.

பயிற்சியில் எல்லோரும் சொன்ன அந்தக் குறளைத் தேடிப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் அதற்கு அடுத்ததைப் படித்தேன், 518. வேலைக்கு உரியவன் இவன் என்று கண்டுகொண்ட பிறகு, அவனை அந்த வேலைக்கு உரியவனாகச் செய்ய வேண்டும் என்கிறது. ஆளிடம் வேலையை மட்டும் கொடுத்தால் போதாது, அதற்கான அதிகாரத்தையும் உயர்வையும் கொடு என்று நான் புரிந்துகொண்டேன். இதை ஏன் மேடையில் சொல்வதில்லை என்பது விளங்கியது. முதல் குறளில் மேனேஜருக்கு வேலை குறைகிறது. இரண்டாவதில் கையில் இருப்பது குறைகிறது.

ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். எளிதாக இருக்கவில்லை. போர்மாவில் எத்தனை தட்டு ஏற்றுவது, எப்போது இறக்குவது, எந்த மூட்டையைத் தள்ளிவைப்பது என்பதெல்லாம் போர்மா அண்ணனின் முடிவு, கையெழுத்தும் அவருடையது. அவர் எட்டாம் வகுப்பு. முதல் மாதம் கையெழுத்துப் போடும் முன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொள்வார். உரிப்புக் கூடத்தில் புதிதாக வருபவர்களைப் பழக்குவது அந்த அக்காவின் பொறுப்பு, அதற்குத் தனிக் கூலி. தனிக் கூலி என்பதற்கு முதலாளியோடு ஒரு மாதம் போராடினேன். இந்த முறை பயப்படவில்லை, முழுப் பருப்பின் கணக்கு என் பக்கம் இருந்தது. ஆறு ரெஜிஸ்டர்களில் ஐந்தில் ‘மேலாளர் கையொப்பம்’ என்ற கட்டத்தைக் கோடு போட்டு அடித்தேன். நட்டக் கணக்கு ரெஜிஸ்டரில் மட்டும் விட்டுவைத்தேன், ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

பாராட்டத் தெரிய வேண்டும் என்பார்கள். அது எனக்கு இன்றும் வராது. நன்றாக இருக்கிறது என்று சொன்னால் என் காதுக்கே பொய்போல் ஒலிக்கும். பார்த்துவிட்டு அடுத்த வேலையை நம்பிக் கொடுப்பேன். அதைச் சிலர் புரிந்துகொண்டார்கள், சிலர் வேறு ஆபீசுக்குப் போய்விட்டார்கள்.

2017 நவம்பர் 29 இரவு. ஒக்கி என்ற புயலின் பெயர் மறுநாள்தான் எங்கள் காதுக்கு வந்தது. விடியும் முன்பே மின்சாரம் போய், செல்பேசியும் செத்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் எங்கள் தெருவில் வாழைத்தோட்டம் முழுவதும் படுத்துக்கிடந்தது. ரப்பர் மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றாக. ஆறு கிலோமீட்டர் தூரத்தை நடந்தும், மரங்களின் மேல் ஏறி இறங்கியும் ஆபீசுக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது.

போர்மா அண்ணனும் காவல்காரரும் கரி பூசிய முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இரவு மூன்று மணி வாக்கில் மின்விசிறி நின்றிருக்கிறது. விசிறி நின்றால் சூடு சுழலாது. கீழ்த்தட்டு கருகும், மேல்தட்டு பச்சையாகவே இருக்கும். அடுப்பை அணைத்துவிட்டால் பாதி உலர்ந்த பருப்பு முழுவதும் அந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும். என்னைக் கூப்பிட வழியில்லை. அவர் அடுப்பைத் தணித்து வைத்து, டார்ச் வெளிச்சத்தில், அரைமணிக்கு ஒருமுறை கீழ்த்தட்டை மேலேயும் மேல்தட்டைக் கீழேயும் மாற்றியிருக்கிறார். விடியும் வரை. தொண்ணூறு தட்டில் எழுபத்தாறைக் காப்பாற்றிவிட்டார். பதினான்கு கருகிவிட்டது. அவர் முன்கையில் தட்டின் விளிம்பு சுட்ட கோடுகள் ஏணிப்படிபோல் இருந்தன.

அந்த வாரத்தில் பருப்பைப் பற்றி நினைக்கவே வெட்கமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பெண்கள் சிலர் எங்களிடம் உண்டு. அவர்கள் வீட்டு ஆண்கள் கடலில் இருந்தார்கள். ஒருத்தியின் அண்ணன் திரும்பவே இல்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று கிளார்க் கேட்டான். ஒன்றும் எழுதாதே, வெறுமையாக விடு என்றேன். அப்படி ஒரு குறியீடு கிடையாது. மாதக் கடைசியில் அது சிக்கலானது, சமாளித்தோம்.

ரோடு சீரான பிறகு முதலாளி வந்தார். பதினான்கு தட்டு எப்படிக் கருகியது, யார் இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அடுப்பை அணைத்திருக்கலாமே, யாரைக் கேட்டு எரித்தான் என்றார். அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றது எனக்குத் தெரியும். யாரையும் கேட்கத் தேவையில்லை, அது அவருடைய முடிவு, அந்த அதிகாரத்தைக் கொடுத்தது நான், என்றேன். அப்படியானால் பதினான்கு தட்டு யார் கணக்கு?

நட்டக் கணக்கு ரெஜிஸ்டரை எடுத்துப் பதினான்கு தட்டையும் எழுதினேன். பக்கத்தில், காப்பாற்றியது எழுபத்தாறு என்றும் எழுதினேன். அந்த ரெஜிஸ்டரில் அதற்குக் கட்டம் கிடையாது. கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். முதலாளி இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு வேறு ஏதோ, ஜெனரேட்டர் விலையைப் பற்றிப் பேசினார்.

அவர் கார் போன பிறகு அண்ணன் உள்ளே வந்தார். ஐந்து வருடமாக என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார்: “இன்று இரவு எத்தனை தட்டு ஏற்றலாம், மேடம்?”

“என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், அண்ணா?” என்றேன்.